இருபது மாடும் இருபத்தைந்து ராத்தல் உப்புக்கண்டமும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு மேலே, ஊரின் முதுகெலும்பு மாதிரி நீண்டு கிடக்கும் மேட்டுக்குப் பெரீயா என்று பெயர். இன்றைக்கு அங்கே மாடிக் குடியிருப்பும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் கண்ணில் படும். சாகசக் கதை உலகத்தின் மூத்த நாயகர்களில் ஒருவருக்கு விலாசமே அந்த மேடுதான் என்பது டர்பன்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. யானை வேட்டைக்காரர் ஆலன் குவாட்டர்மெய்ன். புதையல் தேடிப் போன பயணத்தை அவரே சொல்லும் 'சாலமன் மன்னனின் சுரங்கங்கள்' நாவல் 1885இல் வந்தது. எழுதிய ரைடர் ஹக்கார்ட் நேட்டால் ஆளுநரின் பரிவாரத்தோடு 1875இல் இங்கே வந்து இறங்கியபோது அவருக்கு வயது 19. மதராசிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் நம் ஆட்களை இதே துறைமுகத்துக்குக் கொண்டுவந்து 15 வருஷம் ஆகியிருந்தது.

இந்தக் கதையை எத்தனையோ முறை படமாக்கியிருக்கிறார்கள். ஒருவராவது அதை டர்பனிலிருந்து முறையாகக் கிளப்பவில்லை என்பதுதான் என் குறை. ஊர்ப் பாசத்தில் சொல்லவில்லை. டர்பனை வெட்டியபோது கதையின் உயிர்நாடியும் சேர்ந்து வெட்டுப்பட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் புதையலும் இல்லை, சண்டையும் இல்லை. வண்டி வாங்குகிறார்கள், மாடு வாங்குகிறார்கள். வண்டி 22 அடி நீளம், இரும்பு அச்சு, விலை 125 பவுன். புது வண்டி இல்லை, வைரச் சுரங்கப் பக்கம் ஒருமுறை போய்த் திரும்பிய வண்டி. அதனால்தான் அதை வாங்கினேன் என்கிறார் குவாட்டர்மெய்ன். மரம் பச்சையாக இருந்தாலோ எங்காவது பலவீனம் இருந்தாலோ முதல் பயணத்திலேயே காட்டிக் கொடுத்துவிடுமாம். பின்பாதிக்குக் கூடாரம், முன்பாதி சாமான் ஏற்றத் திறந்தபடி. வழக்கமாக 16 மாடு பூட்டுவார்கள், அவர் 20 வாங்குகிறார். நாலு உபரி, வழியில் சாவது போக. மாடும் பெரிய சாதி மாடு இல்லை, சின்ன உருவத்து ஜூலு மாடு. பெரிய மாடு பட்டினி கிடந்து சாகும் இடத்தில் இது பிழைத்துக்கொள்ளும், குளம்பும் சீக்கிரம் தேயாது.

அடுத்து நுரையீரல் நோய்க்குத் தடுப்பு. நோயில் செத்த மாட்டின் நுரையீரல் துண்டு ஒன்றை எடுத்து, உயிரோடிருக்கும் மாட்டின் வாலைக் கீறி அதில் வைத்துக் கட்டுவது. மாட்டுக்கு லேசாக நோய் வரும். வால் அழுகி, அடியிலிருந்து ஒரு அடி விட்டு விழுந்துவிடும். ஈ ஓட்ட வால் இல்லையே என்றால், வால் போனால் போகட்டும், மாடு மிஞ்சட்டும் என்பதுதான் அவர் பதில். இந்த ஒரு பக்கத்தைப் படித்த பிறகு அந்த ஆள் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றுகிறது. பிற்பாடு மூவாயிரம் வருஷத்துப் புதையல் என்று அவர் சொல்லும்போது, வாலறுந்த மாட்டைச் சொன்ன அதே வாய்தானே சொல்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

பாலைவனத்துக்குள் இறங்கும் முன் இன்னொரு பட்டியல் வருகிறது. ஆள் ஐந்து பேர். தண்ணீர்ப் புட்டி ஐந்து, ஒவ்வொன்றிலும் நாலு பைண்ட். மொத்தமாகப் பார்த்தால் பதினொன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. போர்வை ஐந்து. பில்டாங் இருபத்தைந்து ராத்தல். பில்டாங் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், ஊரில் இருக்கிறவர்களுக்கு நம் உப்புக்கண்டம் என்று சொன்னால் போதும். பரிசாகக் கொடுக்கப் பாசிமணி பத்து ராத்தல். கொய்னா ஒரு அவுன்சு. திசைகாட்டி, தீப்பெட்டி, பிராந்தி ஒரு புட்டி. கொத்துக்கரண்டிகூட மறக்கவில்லை.

ஐந்து பேருக்குப் பதினொன்றரை லிட்டர். வெயிலில் நடக்கிற ஆளுக்கு இது ஒரு நாளைக்குக் காணாது. அதைப் படித்த நொடியிலிருந்து வாசகன் மனசுக்குள் தண்ணீரை எண்ண ஆரம்பித்துவிடுகிறான். பிறகு வரும் ஒவ்வொரு பக்கத்திலும் புட்டி கனம் குறைகிறது. ஹக்கார்ட் 'தாகம் வாட்டியது' என்று நாலு பத்தி எழுத வேண்டியதே இல்லை.

சாகசக் கதையின் அடித்தளம் கணக்கு என்று நான் சொல்வது இதைத்தான். கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிற்று, மிச்சம் எவ்வளவு. மலிவு இதழ்களில் வந்த பல்ப் கதையானாலும் காமிக்ஸ் ஆனாலும், அதைப் படமாக்குகிறவர் நாயகனின் தொப்பியையும் முகமூடியையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு இந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் தூக்கி எறிந்துவிடுகிறார்.

இந்தக் கதையின் முதல் படம் தென்னாப்பிரிக்காவிலேயே எடுத்தது. 1918இல் ஷ்லெசிங்கரின் ஆப்பிரிக்கன் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ், லைல் லூகோக் இயக்கத்தில். மறு வருஷம் அடுத்த நாவலையும் எடுத்தார்கள். பேசும் படம் வந்த பின் 1937இல் பிரிட்டிஷ்காரர்கள் எடுத்ததில் குவாட்டர்மெய்ன் குழுவில் சேரும் ஆப்பிரிக்கர் உம்போபாவாக நடித்தவர் அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன். வெளிக்காட்சிக்கு ஒரு குழு ஆப்பிரிக்காவுக்கு வந்தது, ராப்சன் நடித்த பகுதி இங்கிலாந்தில் எடுத்தது. இரண்டும் ஒட்டாத இடங்கள் இன்றைக்குக் கண்ணில் குத்தும். ஆனாலும் ராப்சன் வாய் திறந்தால் அதெல்லாம் மறந்துபோகும்.

1950இல் எம்.ஜி.எம். எடுத்ததுதான் எல்லாருக்கும் நினைவிருக்கும் படம். ஸ்டூவர்ட் கிரேஞ்சர், டெபரா கெர். கென்யா, உகாண்டா, தாங்கனீக்கா, பெல்ஜியக் காங்கோ என்று சுற்றி எடுத்தார்கள். அன்றைய டெக்னிகலர் கேமராவில் ஒரே நேரத்தில் மூன்று ஃபிலிம் சுருள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு நிறத்துக்கு. அந்தப் பூதத்தைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போன ராபர்ட் சர்ட்டீஸுக்கு ஒளிப்பதிவு ஆஸ்கர் கிடைத்தது நியாயமே. படத்தொகுப்புக்கும் ஒரு ஆஸ்கர். வழக்கமான ஆர்க்கெஸ்ட்ரா இசையே கிடையாது, முரசும் பாட்டும் காட்டுச் சத்தமும்தான். அந்தக் காலத்துக்கு அது பெரிய துணிச்சல். விலங்குக் கூட்டம் வெருண்டு ஓடும் காட்சியையும் மீந்துபோன ஃபிலிமையும் பிற்பாடு வேறு படங்களில் பல வருஷம் ஓட்டினார்கள்.

ஆனால் இதிலும் ஒரு அபத்தம். டெபரா கெர் நீளமான கூந்தலோடு காட்டில் அவதிப்படுவார். கத்தரி எடுத்துத் தானே வெட்டிக்கொள்வார், கண்ணாடிகூடச் சரியாக இல்லாமல். அடுத்த காட்சியில் பார்த்தால், டர்பன் வெஸ்ட் தெருவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்துகொண்டது போல அலையலையாகச் சுருள். வால் போனால் போகட்டும் என்ற நாவலில் இப்படி ஒரு முடி! கணக்கு தப்பும் இடம் இதுதான். காடு அவளிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த அம்மாள் நாவலிலேயே கிடையாது. கதையில் பாவாடை வாசனையே இல்லை என்று குவாட்டர்மெய்ன் ஆரம்பத்திலேயே பெருமையடித்துக்கொள்வார். இருக்கும் பெண்கள் இருவர்: கிழவி ககூல், குவாட்டர்மெய்னின் பயணத் தோழர் கேப்டன் குட் மேல் பிரியம் வைக்கும் ஃபவுலாட்டா. கறுப்புப் பெண்ணுக்கும் வெள்ளைக்கார அதிகாரிக்கும் காதல். ஹக்கார்ட் அவளைக் கொன்று சிக்கலை முடித்துக்கொண்டார். ஹாலிவுட்டில் 1934 முதல் கெடுபிடியாக அமலான தணிக்கை விதி, இனம் மாறிய காதலைத் திரையில் காட்டவே விடவில்லை. பேசும் படம் மூன்றிலும் ஒரு வெள்ளைக்காரப் பெண் வண்டியேறினாள்: 1937இல் அப்பாவைத் தேடி, 1950இல் கணவனைத் தேடி, 1985இல் மறுபடியும் அப்பாவைத் தேடி. இங்கே நம் தென்னாப்பிரிக்காவிலோ அதைச் சட்டமே பார்த்துக்கொண்டது. கலப்பு மணத் தடை 1949இல், ஒழுக்கக்கேட்டுச் சட்டத் திருத்தம் 1950இல். படம் வந்த அதே வருஷம்.

1985 படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜிம்பாப்வேயில் எடுத்தது, ரிச்சர்ட் சேம்பர்லெய்ன், ஷரோன் ஸ்டோன். இந்தியானா ஜோன்ஸ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கிண்டிய உப்புமா. ஜெர்மன் ராணுவம் வருகிறது, நாயகனையும் நாயகியையும் காய்கறியோடு ராட்சதப் பானையில் போட்டு வேகவைக்கிறார்கள். யாரிடம் எத்தனை தோட்டா என்று படம் எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்காது.

சரி, இந்தக் கணக்கு சூத்திரமாக மாறியது எங்கே? பல்ப் பத்திரிகைத் தொழிலில். மட்டமான மரக்கூழ்த் தாளில் அச்சடித்ததால் அந்தப் பெயர். எழுத்தாளருக்குக் கூலி வார்த்தைக் கணக்கில். 1933 மார்ச்சில் ஆரம்பித்த 'டாக் சாவேஜ்' கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் லெஸ்டர் டென்ட். தன் சூத்திரத்தை மறைக்காமல் வெளியே சொன்ன மனிதர். கதை 6,000 வார்த்தை என்றால் 1,500 வீதம் நாலு பங்கு. முதல் வரியிலேயே, முடிந்தவரை சீக்கிரம், நாயகனைக் கொண்டுவந்து அவன் தலையில் ஒரு தொல்லையை இறக்கு. ஒவ்வொரு பங்கிலும் தொல்லை கூட வேண்டும், கைகலப்பு ஒன்று வேண்டும், முடிவில் கதை எதிர்பாராமல் திரும்ப வேண்டும். நாலாம் பங்கில் நாயகன் கழுத்துவரை புதைந்திருக்க வேண்டும். அங்கிருந்து தன் சாமர்த்தியத்தால்தான் வெளியே வர வேண்டும், யாரோ வந்து தூக்கிவிடக் கூடாது.

இதே போன்ற சூத்திரத்தில் வாரா வாரம் ஓடியதுதான் தொடர்படம். பன்னிரண்டு முதல் பதினைந்து அத்தியாயம், ஒவ்வொன்றும் இரண்டு ரீல், ஏறக்குறைய இருபது நிமிஷம். முதல் அத்தியாயம் மட்டும் கொஞ்சம் நீளம். டர்பனில் பெரியவர்கள் இன்னும் பயாஸ்கோப் என்றுதான் சொல்வார்கள். சனிக்கிழமை மதியம் பயாஸ்கோப்பு வாசலில் காமிக்ஸ் கைமாறிய காலத்தில், பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய சரக்கு இது. நாயகன் மலையிலிருந்து காரோடு விழுவான், அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்த வாரம் அதே காட்சியைத் திருப்பிப் போடுவார்கள். ஆனால் நடுவில் ஒரு துண்டு புதிதாக இருக்கும், கார் விளிம்பைத் தாண்டும் முன் அவன் குதிப்பது. போன வாரம் அந்தத் துண்டு இல்லையே என்று பையன்கள் கத்துவார்கள். கத்தலில் நியாயம் உண்டு. டென்ட் சூத்திரத்தில் நாயகன் தப்பிக்க விலை கொடுக்கிறான், இங்கே படத்தொகுப்பாளர் கொடுக்கிறார்.

இந்த ஏமாற்று வித்தைக்கு நடுவிலும் அசல் வேலை நடந்தது. 1941இல் ரிபப்ளிக் கம்பெனி எடுத்த 'கேப்டன் மார்வல்' தொடர், பன்னிரண்டு அத்தியாயம். மனிதன் பறக்க வேண்டும், கணினி கிடையாது. லைடெக்கர் சகோதரர்கள் காகிதக்கூழில் ஒரு பொம்மை செய்தார்கள், ஏறக்குறைய ஏழு அடி, ஆளை விடப் பெரிசு. தோளிலும் கெண்டைக்காலிலும் கப்பி. இரண்டு கம்பி, ஒரு முனை உயரத்தில், மறு முனை தாழ்வில். விட்டால் தன் எடையிலேயே சறுக்கிக்கொண்டு போகும், மோட்டார் வேண்டாம். மேல்நோக்கிப் பறக்க வேண்டுமா? அதே பொம்மையைக் கீழ்நோக்கி விட்டுப் படம்பிடித்து ஃபிலிமைப் பின்னோக்கி ஓட்டு. அங்கேதான் சிக்கல். பின்னோக்கி ஓட்டினால் முதுகுத் துணி தவறான பக்கம் படபடக்கும். எனவே துணிக்குக் கனம் சேர்த்துத் தொங்கவிட்டார்கள். வெட்டவெளியில், நல்ல வெயிலில், நிஜக் கட்டடங்களுக்கு மேலே எடுத்தார்கள். குதிக்கும்போதும் இறங்கும்போதும் மட்டும் டேவிட் ஷார்ப் என்ற சண்டைக் கலைஞர். பொம்மை, ஆள், மறுபடி பொம்மை. வெட்டு சரியாக விழுந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஏழு வருஷம் கழித்து 1948இல் கொலம்பியா கம்பெனி சூப்பர்மேனை எடுத்தபோது, பறக்கும் நேரத்தில் ஆளை எடுத்துவிட்டுக் கார்ட்டூன் வரைந்து ஒட்டிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எது முந்தையது என்று சந்தேகம் வரும்.

சின்ன மாதிரி உருக்களை வைத்துப் படமெடுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவில் கப்பலோ கட்டடமோ செய்தால், பதினாறின் வர்க்கமூலம் நாலு. வினாடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவை நாலு மடங்கு வேகத்தில், 96 படமாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் விழுவது கனமாக விழும். இந்த மந்திரம் புகைக்கும் தண்ணீருக்கும் பலிக்காது, சொட்டு எப்போதும் சொட்டு அளவுதான். 1936இல் யுனிவர்சல் எடுத்த 'ஃப்ளாஷ் கார்டன்' தொடரில் ராக்கெட் வாலிலிருந்து வரும் புகை பின்னால் போகாமல் நேராக மேலே ஏறும், ஊதுவத்தி மாதிரி. கம்பியில் தொங்கும் சின்னப் பொம்மை மெதுவாக நகர்ந்தால் புகைக்கு வேறு வழியில்லை. மூலக் காமிக்ஸை வரைந்த அலெக்ஸ் ரேமண்டின் தூரிகையில் அந்த ராக்கெட் கிழித்துக்கொண்டு போகும்.

டார்ஜானிலும் இதே கதை. 1932இல் ஜானி வைஸ்முல்லர் நடித்த படத்தில் ஆப்பிரிக்க யானைக்கு எங்கே போவது? ஆப்பிரிக்க யானையைப் பழக்குவது லேசில்லை. ஆகவே சர்க்கஸில் பழகிய இந்திய யானைகளுக்குப் பெரிய போலிக் காது மாட்டிவிட்டார்கள். முதுமலையைப் பார்த்தவர் யாரும் அந்த நெற்றி மேட்டையும் முதுகு வளைவையும் பார்த்ததும் சிரித்துவிடுவார். ஆப்பிரிக்க யானைக்கு முதுகு நடுவில் குழியும், நம் யானைக்கு மேலே எழும்பும். காட்டுக் காட்சிகளில் பலவும் முந்தின வருஷம் வந்த 'டிரேடர் ஹார்ன்' படத்தில் மீந்தவை. நடிகர் முன்னால், ஆப்பிரிக்கா பின்னால் வெள்ளைத் திரையில்.

வேதாளருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஃபாண்டம், தமிழில் மாயாவி என்றும் வாழ்ந்த முகமூடிக் காமிக்ஸ் நாயகர். லீ ஃபால்க் 1936 பிப்ரவரி 17இல் ஆரம்பித்த கதை. அவர் வாழும் கற்பனை நாடான பெங்காலா முதலில் ஆசியாவில்தான் இருந்தது. சிங் கொள்ளையர், புலி, அதோடு குள்ள மனிதரான பந்தார்களும். பிற்பாடு மெல்ல ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்தது. இந்திரஜால் காமிக்ஸ் அதை டெங்காலி ஆக்கியது, சிங் கொள்ளையர் சிங்கா ஆனார்கள். கறுப்பு டாக்டர் லுவாகா ஜனாதிபதியாக வந்த பிறகும் காட்டுக்குள் தீர்ப்புச் சொல்வது இருபத்தொன்றாம் தலைமுறை வெள்ளைக்காரர். இங்கே உட்கார்ந்து அதைப் படிப்பவருக்கு எங்கோ உறுத்தாமல் இருக்காது.

அவர் உடை நிறமே ஒரு விபத்து. ஃபால்க் மனசில் இருந்தது சாம்பல் நிறம். 1939இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் வந்தபோது ஊதாவாக அச்சாகிவிட்டது. வேறு நாடுகளில் சிவப்பு, நீலம் என்று அவரவர் இஷ்டம். காகிதத்தில் எந்த நிறமும் செல்லும், திரையில் வெயிலில் ஊதா உடை போட்ட ஆளை நிற்க வைப்பது வேறு. 1996இல் சைமன் வின்சர் இயக்கிய படத்தில் பில்லி ஜேன் அதை வெட்கப்படாமல் போட்டார், உடம்பையும் அதற்கேற்ப ஏற்றிக்கொண்டார். கதை 1938இல் நடக்கிறது, தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எடுத்தது, ஃபால்க்கின் ஆரம்பகாலக் கதைகளையே கலந்து கட்டியது. நேர்மையான படம். ஆனால் ஓடவில்லை.

காரணம் என் பார்வையில் இது. காமிக்ஸில் வேதாளரின் பலம், ஊர் அவரைப் பற்றி நம்புவதில் இருக்கிறது. நானூறு வருஷமாகச் சாகாத மனிதர். அந்த நம்பிக்கை தினம் மூன்று நாலு கட்டமாக, வருஷக்கணக்கில், ஒரு பழமொழி, ஒரு மோதிர முத்திரை, ஒரு வதந்தி என்று சேர்ந்தது. படத்துக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. மண்டையோடு மூன்றைத் தேடும் ஓட்டத்தில் வதந்திக்கு நேரமே இல்லை. இன்னொன்று, கட்டத்தில் முகமூடிக்குள் கண்மணி கிடையாது, வெறும் வெள்ளை. திரையில் கண் தெரிகிறது. கண் தெரிந்தால் அவர் மனிதர். 1943இல் டாம் டைலர் நடித்த பதினைந்து அத்தியாயத் தொடர் பணத்திலும் நடிப்பிலும் இதைவிடக் கீழேதான், ஆனால் வாரம் ஒன்றாகப் பதினைந்து வாரம் ஓடியதால் அந்த வதந்தி ஊற இடம் இருந்தது.

இளக்காரம் என்று ஒரு நோயும் உண்டு. படமெடுப்பவருக்கே மூலத்தின் மேல் வெட்கம். 1975இல் டாக் சாவேஜ் படமானபோது நாயகன் கண்ணில் நட்சத்திரம் மின்னும், பின்னணியில் அணிவகுப்பு வாத்தியம். டென்ட் எழுதிய ஆள் சிரிக்காத ஆள். 1966இல் காமிக்ஸ் நாயகி மாடஸ்டி பிளைஸிக்கும் அதே கதி. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழர் வீட்டுக்குள் வந்த அதே மாடஸ்டிதான். உருவாக்கிய பீட்டர் ஓ'டொனல் எழுதிக் கொடுத்த திரைக்கதையில் ஒரே ஒரு வசனம்தான் மிஞ்சியது என்று அவரே சொன்னார்.

'ஜான் கார்ட்டர்' படத்தில் நேர்ந்தது வேறு. பூமி மனிதன் ஒருவன் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் கதை. மூலம் 1912இல் 'ஆல்-ஸ்டோரி' இதழில் தொடராக வந்தது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் ஐந்தில் இரண்டு பங்குகூட இல்லை. அதை வைத்து எட்கர் ரைஸ் பரோஸ், ஆள் ஒரே தாவில் முப்பது அடி உயரம், நூறு அடி தூரம் போகிறான் என்று அளவு குறித்துவிட்டார். இயற்பியல் வாத்தியார் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் எல்லை ஒன்று நட்டாயிற்று. 2012 படத்தில் எல்லை எங்கே என்று தெரியவில்லை, தேவைக்கேற்பத் தாவுகிறான். எட்ட முடியாத இடம் எது என்று தெரியாதபோது எட்டுவதில் என்ன இருக்கிறது? தலைப்பிலிருந்து செவ்வாயையும் எடுத்துவிட்டார்கள். டிஸ்னி சுமார் 20 கோடி டாலர் நஷ்டம் எழுதியது. நூறு வருஷத்தில் மற்றவர்கள் இந்தக் கதையிலிருந்து உருவிக்கொண்டது போக மீதிதான் திரைக்கு வந்தது என்பதும் உண்மை.

நம் நாட்டுக்கு டெலிவிஷன் வந்ததே 1976 ஜனவரியில். அதுவரை தொடர்கதைப் பசிக்கு ஸ்பிரிங்பாக் ரேடியோவும் புகைப்படக் காமிக்ஸும்தான் தீனி. ட்ரம் குழுமத்தின் 'ஆப்பிரிக்கன் ஃபிலிம்' இதழில் லான்ஸ் ஸ்பியர்மேன் என்ற கறுப்புத் துப்பறிவாளர், தொப்பி, வேகக் கார், ஜோரே ம்குவனாசி நடித்தது. பெயரிலேயே ஃபிலிம், ஆனால் ஃபிலிம் ஓடாது. ஆட்களை நிறுத்திப் படம்பிடித்து, மேலே பேச்சுக் குமிழ் ஒட்டுவது. படம்பிடிப்பவர் தலைக்கு மேல் காலி இடம் விட வேண்டும், இல்லையென்றால் குமிழ் முகத்தை மறைக்கும். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்க வேண்டும், மாற்றி நிறுத்தினால் பதில் கேள்விக்கு முன்னால் வந்துவிடும். குத்து விழும் நொடியை எடுத்தால் கை மங்கலாகிவிடும், எனவே ஓங்கிய கையும் விழுந்த ஆளும், நடுவில் இருப்பது வாசகன் பாடு.

அந்த அச்சில் வார்த்த நாயகனைத் திரைக்குக் கொண்டுவந்தது 1973இல் எடுத்த 'ஜோ புல்லட்'. மூலக்கதை எதுவும் இல்லாத அசல் படம். கென் காம்பு நாயகன். சொவெட்டோவின் எயேத்து அரங்கில் இரண்டு காட்சி ஓடியதும் தடை. கறுப்பு நாயகன் கையில் துப்பாக்கி, அரசுக்குப் பொறுக்கவில்லை. 2014இல் படத்தைச் சீர்செய்து டர்பன் திரைவிழாவில் போட்டார்கள்.

கணக்கை விடாத படம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் இங்கே எடுத்தது. 2012இல் வந்த 'ட்ரெட்', பிரிட்டிஷ் காமிக்ஸ் வழி. கேப்டவுன் ஸ்டூடியோவிலும் ஜொகானஸ்பர்க் தெருவிலும் எடுத்தார்கள். மேலிருந்து பார்க்கும் மெகா நகரத்துக்கு ஜொகானஸ்பர்க்கே அடித்தளம், அதன் மேல் கணினியில் கோபுரங்களை நட்டார்கள். கதை ஒரே கட்டடம், 200 மாடி. கதவு அடைபட்டது. போலீஸ் வேலையும் பார்க்கும் நீதிபதி இருவர், மேல்மாடியில் எதிரி. துப்பாக்கியில் எந்த ரகத் தோட்டா, எத்தனை மிச்சம் என்று படம் பார்ப்பவருக்கும் தெரியும். அது குறையக் குறையக் கதை இறுகும். ஹக்கார்டின் தண்ணீர்ப் புட்டிதான், உருவம் வேறு. போதை மருந்தில் நேரம் மெதுவாகும் காட்சிகளுக்கு வினாடிக்கு ஆயிரக்கணக்கில் படம் எடுக்கும் கேமரா. தலைக்கவசத்தை நாயகன் ஒருமுறையும் கழற்றவில்லை. 1995இல் ஸ்டாலோன் கழற்றியதை ரசிகர்கள் மன்னிக்கவே இல்லை. இத்தனை செய்தும் வசூலில் அடிவாங்கியது. கணக்குச் சரியாக இருந்தால் கல்லா நிறையும் என்று நான் எங்கும் சொல்லவில்லை.

குவாட்டர்மெய்ன் பின்னொரு முறை திரைக்கு வந்தது காமிக்ஸ் வழியாகவே. ஆலன் மூரும் கெவின் ஓ'நீலும் 1999இல் அவரையும் கேப்டன் நெமோவையும் இன்னும் சிலரையும் ஒரே கூட்டணியாக்கினார்கள். 2003இல் அது படமானது. ஷான் கானரி குவாட்டர்மெய்ன், நசிருதீன் ஷா நெமோ. படப்பிடிப்பு பிராக் நகரத்தில், 2002 வெள்ளம் அரங்குகளை நாசமாக்கியது. படம் கிழவரைக் கென்யாவில் கண்டுபிடிக்கிறது. டர்பன் என்ற பேச்சே இல்லை. கடைசிக் காட்சியில் ஆப்பிரிக்க மண்ணில் அவரைப் புதைக்கிறார்கள், மந்திரவாதி ஒருவர் பாடுகிறார், மேகம் கறுக்கிறது, சமாதி மேல் வைத்த துப்பாக்கி லேசாக ஆடுகிறது. எழுந்து வருவதானால் வண்டி எங்கே வாங்குவார், மாடு எத்தனை பூட்டுவார் என்று அங்கேயும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.